அடிக்கப்படாத வரி

எங்கள் ஊர் கார்வேட்டிநகரம். புத்தூரில் ரயிலை விட்டிறங்கி பஸ் பிடிக்க வேண்டும். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. மாங்காய் வியாபாரம் செய்த என் மாமாவுக்கு 2018-இல் வருமான வரி நோட்டீஸ் ஒன்று வந்தது, அதுவோ ஆங்கிலத்தில்! "அபராதம் ஏன் விதிக்கக் கூடாது?" என்று கேட்டிருந்தார்கள். "பேசாமல் கட்டிவிடலாமா மாப்பிள்ளை?" என்று எனக்குப் போன் செய்தார்.

தாளை வாங்கிப் பார்த்தேன். அச்சடித்த படிவம். வருமானத்தை மறைத்தார் என்பது ஒரு வரி. தவறான விவரம் தந்தார் என்பது இன்னொரு வரி. பொருந்தாததை அடித்துவிட வேண்டும். எதையும் அடிக்கவில்லை.

இது அற்ப விஷயமன்று. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 271(1)(சி) பிரிவில், ஏய்க்க முயன்ற வரிக்குச் சமமான தொகை முதல் மூன்று மடங்கு வரை அபராதம் இருந்தது. அதற்கு முன் நம் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்றது 274-ஆம் பிரிவு. குற்றம் எது என்று தெரியாமல் எதற்குப் பதில் சொல்வது?

இதே கேள்வியை மஞ்சுநாதா காட்டன் வழக்கில் ஆராய்ந்த கர்நாடக உயர் நீதிமன்றம், இப்படிப்பட்ட நோட்டீஸ் செல்லாது என்று முன்பே கூறியிருந்தது. அப்போது எங்கள் மாவட்டத்துக்கும் உரியதாயிருந்த ஐதராபாத் உயர் நீதிமன்றமும் 2017-இல், பைசெட்டி ரேவதி வழக்கில், காரணத்தைத் தெளிவாகச் சொல்லியே தீர வேண்டும் என்றது. ஆனால் சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல், சுந்தரம் ஃபைனான்ஸ் வழக்கில், நோட்டீஸைப் புரிந்துகொண்டு பதில் கொடுத்தவர் பிற்பாடு இந்தக் குறையைச் சொல்ல முடியாது என்றது. பக்கத்துத் திருத்தணி 1960 வரை எங்கள் சித்தூர் மாவட்டம்தான். எல்லை நடுவில் வந்ததால், ஒரே தாளுக்கு அங்கொரு நியாயம், இங்கொரு நியாயம்!

ஆகவே மாமாவை முதல் பதிலிலேயே, "எந்தக் குற்றம்?" என்று எழுத்தில் கேட்கச் சொன்னேன். பதில் இல்லை, அபராத உத்தரவுதான் வந்தது. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்தோம். அபராதம் ரத்தானது. ஒரு வரவு கணக்கில் விட்டுப்போனது உண்மை. அதற்கான வரியை மாமா முன்பே கட்டிவிட்டார்.

2017-18 மதிப்பீட்டு ஆண்டு முதல் 270ஏ பிரிவு வந்தது. வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் வரியில் 50 சதவீதம், திரித்துக் காட்டினால் 200 சதவீதம். எந்தக் குற்றம் என்பதில் நான்கு மடங்கு வித்தியாசம்!

அன்பர்களே, கட்ட வேண்டிய வரியைக் கட்டுவோம். அபராத நோட்டீஸ் வந்தால் மட்டும், பணப்பையை எடுக்குமுன் மூக்குக்கண்ணாடியை எடுங்கள்.