பழவேற்காட்டு வீடுகளின் படச்சுவர்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. ஏரிக்கரைக் குப்பங்களில் பல வீடுகளில் முன்னறைச் சுவர்தான் முதலில் கண்ணில் படும். மாலை போட்ட தாத்தா படம், பக்கத்தில் ஒரு கல்யாணப் படம், முருகன் அல்லது வேளாங்கண்ணி மாதா, ஐஸ் கம்பெனி கொடுத்த காலண்டர், பரிசுக் கோப்பையோடு நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளை. நகரத்தில் 'கேலரி வால்' என்று சொல்லி, கட்டணம் வாங்கிக்கொண்டு அமைத்துத் தருவதும் இதே வேலைதான். இங்கே அதைக் குடும்பமே செய்துகொள்கிறது.

இந்த ஊருக்கும் படம் மாட்டும் பழக்கத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை அழிந்துவிட்டது, வாசலில் எலும்புக்கூடு சிற்பங்கள் நிற்கும் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அவர்கள் புறப்பட்டு வந்த நாட்டில் படம் பணக்காரர் சொத்தாக மட்டும் இல்லை. 1640-இல் ஆம்ஸ்டர்டாம் போன ஆங்கிலப் பயணி பீட்டர் மண்டி, ரொட்டிக்கடையிலும் கறிக்கடையிலும் ஓவியங்கள் தொங்குவதைக் கண்டு வியந்து எழுதினார். கொல்லரும் செருப்பு தைப்பவரும்கூட வேலை செய்யும் இடத்தில் ஏதாவது ஒரு படம் வைத்திருந்தார்களாம்.

நம் பக்கத்தில் அந்த வேலையைச் செய்தது அச்சகம். ரவிவர்மா 1894-இல் மும்பையில் தொடங்கிய அச்சகம் தெய்வப் படங்களைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டு வந்தது. பிறகு கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த படங்களைச் சிவகாசி அச்சகங்கள் காலண்டர்களாக ஊரெங்கும் பரப்பின. ஆனால் குடிசையின் மண் சுவர் ஒன்றிரண்டு படத்துக்குமேல் தாங்காது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடலோரத்தில் கான்கிரீட் வீடுகள் பெருகின. படம் மாட்ட உறுதியான சுவரும் கிடைத்தது.

சுவர் கிடைத்ததும் கையில் சுத்தியல் எடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. முதலில் படங்களை எல்லாம் தரையில், பாயின் மேல் பரப்ப வேண்டும். பெரியதை நட்ட நடுவில் வைக்காமல் சற்றே ஒரு பக்கம் தள்ளி வைத்து, சிறியவற்றை அதைச் சுற்றி இடம் மாற்றிப் பார்க்கலாம். இடைவெளி இரண்டு, மூன்று அங்குலம் போதும். அதைவிட அகன்றால் படங்கள் ஒன்றுக்கொன்று சேராமல் தனித்தனியே நிற்கும். வரிசை பிடித்ததும் ஒவ்வொரு படத்தின் அளவுக்கும் பழைய செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் அப்படியே விட வேண்டும். எது உறுத்துகிறது என்று வீட்டில் உள்ளவர்களே சொல்லிவிடுவார்கள். அதன் பிறகு ரசமட்டம் வைத்துக் குறித்துத் துளை போடலாம்.

உயரம் பற்றி ஒரு கணக்கு உண்டு. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும் என்பது அருங்காட்சியகங்களில் பலரும் பின்பற்றும் அளவு. அது நின்று பார்ப்பவர்களுக்கானது. பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிட்டு, அங்கேயே வலை பழுது பார்க்கும் வீட்டில் கண் மட்டம் வேறு. முன்னோர் படமும் சாமி படமும் மேலேயே இருக்கட்டும். அந்த மரியாதையை யாரும் குறைக்க வேண்டாம். ஆனால் பிள்ளைகள் வரைந்ததையும் குடும்பப் படங்களையும் கீழே இறக்கினால்தான் உட்கார்ந்திருப்பவர் பார்க்க முடியும். மேலே மாட்டும் படத்தைச் செட்டிநாட்டு வீடுகளில் செய்வதுபோல் முன்பக்கம் சாய்த்துக் கட்டினால் கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காது, முகம் தெரியும்.

இங்கே படத்துக்குப் பெரிய எதிரி உப்புக்காற்று. பழவேற்காடு, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதைத் தாண்டினால் கடல். இரும்பு ஆணி துருப்பிடித்துச் சுவரில் பழுப்புக் கோடு இறங்கும். பித்தளை அல்லது எவர்சில்வர் திருகும் வால் பிளக்கும் சில ரூபாய்தான் அதிகம். கண்ணாடியோடு ஒட்டி வைத்த போட்டோ ஈரம் கோத்து அதிலேயே பிடித்துக்கொள்ளும். பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். அதனால் பிரேம் கடையில் நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்ல வேண்டும். பிரேமின் பின்புறம் நான்கு மூலையிலும் சிறு ரப்பர் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். ராமபாணப் பூச்சியும் எளிதில் அண்டாது. மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரின் உட்புறத்தையும் வெயில் நேராக விழும் இடத்தையும் தவிர்ப்பது நல்லது.

சுவரில் மாட்ட போட்டோவும் ஓவியமும்தான் வேண்டும் என்றில்லை. பழவேற்காட்டுப் பெண்கள் சாயமேற்றிய பனை ஓலையில் பின்னும் தட்டும் பெட்டி மூடியும், சுவரில் ஏறினால் எந்த அச்சுப் படத்துக்கும் குறைந்தவை அல்ல. சிவப்பும் பச்சையும் மாறி மாறி ஓடும் ஒரு வட்டத் தட்டை, சதுரப் பிரேம்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தால் தெரியும். கண்ணாடி தேவையில்லை, தூசு தட்டினால் போதும். மாதக்கணக்கில் கடைகளில் கிடக்கும் அச்சடித்த வெளிநாட்டு வாசகப் பலகைகளை வாங்கி மாட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

பூநாரை பார்க்க ஏரிக்குப் போகிறவர்கள் திரும்பும்போது ஓலை பின்னுகிறவர்களிடமே நேரடியாக ஒரு தட்டு வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். வீட்டில் பாலிதீன் உறைக்குள் கிடக்கும் பழைய குடும்பப் போட்டோக்களை மழைக்காலம் வருவதற்குள் ஸ்கேன் எடுத்து வையுங்கள். சுவரில் நகலை மாட்டலாம். அசலைக் காயவைத்து அலமாரியில் பத்திரப்படுத்தலாம்.