குதிரைக்குத் தெரிந்த வித்தை

டெல்லி இந்தியா கேட்டின் நெற்றியில் பொறித்த வாசகத்தில் ‘மெசபடோமியா’ என்ற பெயர் வரும். இன்றைய இராக். முதல் உலகப் போரின்போது ஏரை விட்டுவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்து அங்கே போன நம் விவசாயப் பிள்ளைகளில் எத்தனையோ பேரைச் சாய்த்தது குண்டு அல்ல, நோய்.

1915 டிசம்பரில், டைக்ரிஸ் ஆற்றங்கரையில் உள்ள கூட் நகரில் ஜெனரல் டவுன்ஷெண்டின் பிரிட்டிஷ் இந்தியப் படையைத் துருக்கியர் வளைத்துக்கொண்டார்கள். முற்றுகை ஒன்றுதான், உள்ளே பரவிய நோய்கள் இரண்டு. வெள்ளை மாவு ரொட்டி தின்ற ஆங்கிலேயச் சிப்பாய்களுக்குக் கால் மரத்து, உடல் வீங்கி, பெரிபெரி வந்தது. நம்மவர்கள் தின்றது தவிடு நீக்காத ஆட்டா. தவிட்டோடு இருக்கும் தயமின் என்ற வைட்டமின் அவர்களைப் பெரிபெரியிலிருந்து காத்தது. ஆனால் ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. அது ஸ்கர்வி, வைட்டமின் சி குறைந்தால் வரும் நோய். அது ஆங்கிலேயர் பக்கம் அநேகமாகத் தலைகாட்டவே இல்லை.

காரணம், குதிரைக் கறி. உணவு தீர்ந்தபோது படைக் குதிரைகளையே வெட்டினார்கள். குதிரை தன் ஈரலில் சர்க்கரையிலிருந்து வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளும். ஆடு, மாடு, நாய் எல்லாமே அப்படித்தான். மனிதனும் குரங்கும் அந்த மரபணுவைப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பழுதாக்கிக்கொண்டவர்கள். நமக்கு அது சாப்பாட்டில்தான் வர வேண்டும். இல்லாவிட்டால் சதையையும் தோலையும் பிணைக்கும் கொலாஜன் புரதம் சரியாக உருவாகாது; என்றோ ஆறிய புண்கூட வாய் திறக்கும். புதுக் கறியில் வைட்டமின் சி கொஞ்சம்தான் உண்டு. ஸ்கர்வியைத் தள்ளிவைக்க அந்தக் கொஞ்சமே போதும்.

நம்மவர்களில் பெரும்பாலோர் அந்தக் கறியைத் தொடவில்லை. மதம் ஒரு காரணம், ஊருக்குத் திரும்பினால் சாதி சனம் சேர்க்குமா என்ற பயம் இன்னொன்று. தின்னலாம் என்று இந்தியாவிலிருந்து மதத் தலைவர்களின் அனுமதி வந்தும் தயக்கம் தீரவில்லை. ஏப்ரலில் பலர் தின்னத் தொடங்கியபோது காலம் கடந்துவிட்டது. 1916 ஏப்ரல் 29 அன்று கூட் சரணடைந்தது. பிடிவாதக்காரர்கள் என்று சிப்பாய்களைக் குறை சொன்னவர்கள் உண்டு. காய்கறிக்கு வழி செய்யாமல் படையை அனுப்பியவர்களைத்தான் நான் குறை சொல்வேன்.

இத்தனைக்கும் கறி இல்லாமலே வழி இருந்தது. காய்ந்த பயற்றில் வைட்டமின் சி அநேகமாகக் கிடையாது. ஊற வைத்து முளைகட்டினால், வளரும் முளை அதைத் தானே உண்டாக்கிவிடும். லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஹாரியட் சிக்கும் அவரது தோழியரும் இதைச் சோதித்து நிறுவி, படைகளுக்கு முளைப்பயறு கொடுக்கச் சொன்னார்கள். அதற்குள் கூட் வீழ்ந்து, உயிர் பிழைத்த சிப்பாய்கள் துருக்கியரின் கைதிகளாகியிருந்தார்கள். இந்தியச் சிப்பாயின் ரேஷனில் பருப்பு எப்போதுமே உண்டு; அதை உடைக்காமல் முழுப் பயறாக அனுப்பி, இரண்டு நாள் ஈரத்தில் வைத்திருந்தால் போதும்.