இயந்திரம் நின்றால் எந்தக் கதவைத் தட்டுவது?

ஹம் நகரம் என்றதும் எம்மவர் மனக்கண்ணில் தோன்றுவது 2002ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயத்தின் கோபுரமே. அதே நகரில், ஜேர்மனியின் மாநில மேல் நீதிமன்றுகளுள் மிகப் பெரியதும் அமைந்திருக்கின்றது. டோட்முண்ட் முதலிய இடங்களின் மேன்முறையீடுகள் அங்கே செல்கின்றன. அவற்றுட் கார் வழக்குகளும் உள.

எம்மவர்க்குக் கார் ஆடம்பரப் பொருளன்று. பேருந்து ஓடாத அதிகாலையிலே தொழிற்சாலைக்கும், நள்ளிரவிலே துப்புரவுப் பணிக்கும் அதுவே துணை. சீட்டுப் பணத்திலும் கடனிலும் வாங்கிய கார் சில மாதங்களில் இயந்திரம் சிதைந்து நின்றுவிட்டால், ஒரு குடும்பத்தின் வருமானமே நின்றுவிடுகின்றது.

அவ்வேளையிற் பலரும் செய்வது, காரைத் தயாரித்த நிறுவனத்துக்கு எழுதிவிட்டு மாதக்கணக்கிற் காத்திருப்பதாகும். ஆனால் சட்டம் காட்டும் முதற் கதவு தயாரித்தவருடையதன்று, விற்றவருடையது. கெவேர்லைஸ்ருங் எனப்படும் பொறுப்பு, விற்பனையாளரை இரண்டு ஆண்டுகளுக்குக் கட்டுப்படுத்துகின்றது. பழைய காருக்கு அதனை ஓராண்டாகக் குறைக்க வணிகருக்கு இடமுண்டு. முற்றாக நீக்க இடமில்லை. தனியாள் ஒருவரோ தமது பொறுப்பை முற்றாகவே விலக்கிக் கொள்ளலாம். கறன்ரி என்பது வேறு. அது தயாரித்தவரோ விற்றவரோ தாமாக முன்வந்து அளிக்கும் உறுதிமொழி. குலன்ஸ் என்பதோ வெறும் நல்லெண்ணம். அதனை உரிமையாகக் கோர முடியாது.

குறை வாங்கிய நாளிலேயே இருந்ததா என்பதை யார் நிரூபிப்பது? இதுவே வழக்கின் உயிர்நாடி. ரைமிங் பெல்ற் தளர்ந்து இயந்திரம் சிதைந்த பழைய கார் ஒன்றின் வழக்கில், 2004ஆம் ஆண்டு சமஷ்டி உச்ச நீதிமன்று வாங்கியவர் மீதே அச்சுமையை ஏற்றியது. 2015 யூன் 4இல் ஐரோப்பிய நீதிமன்று, நெதர்லாந்துப் பெண் ஒருவரின் எரிந்துபோன கார் தொடர்பான வழக்கில், குறை வெளிப்பட்டதைக் காட்டினாற் போதும், அதன் காரணத்தை வாங்கியவர் நிறுவ வேண்டியதில்லை என்றது. 2016 ஒக்டோபர் 12இல் ஜேர்மன் நீதிமன்றும் தன் பழைய நிலையைக் கைவிட்டது. அன்று ஆறு மாதங்களாக இருந்த இப்பாதுகாப்பு, 2022 ஜனவரி 1 முதல் ஓராண்டாகியுள்ளது. எனினும் சாதாரண தேய்மானம் குறையாகாது.

இனித் தயாரித்தவரைப் பார்ப்போம். 2020 மே 25இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் டீசல் காரொன்றின் உரிமையாளருக்கு நேரடியாக இழப்பீடு வழங்கவேண்டுமெனத் தீர்ப்பாயிற்று. ஆனால் அது திட்டமிட்ட ஏமாற்றுக்கான தண்டம். இயந்திரம் முன்கூட்டியே தேய்வது மட்டும் ஏமாற்றாகிவிடாது. எனவே அங்கே பெரும்பாலும் கறன்ரியே ஆதாரம்.

பேஜோ, சித்ரோயன், ஒப்பல் ஆகியவற்றை உடைய ஸ்ரெலாண்டிஸ் நிறுவனத்தின் 1.2 லீற்றர் பியூர்ரெக் பெற்றோல் இயந்திரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எண்ணெயில் தோய்ந்து சுழலும் அதன் பெல்ற் காலத்துக்கு முன்னரே சிதைந்தது. துகள்கள் எண்ணெய் செல்லும் வழியை அடைத்தன. உரிமையாளர்களின் தொடர்ந்த முறையீடுகளின் பின், 2024இல் இக்குறைக்கான கறன்ரி 10 ஆண்டுகள் அல்லது 175,000 கிலோமீற்றர் என நீட்டப்பட்டது. உரிய காலத்திற் பராமரிப்புச் செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பராமரிப்புப் பற்றுச்சீட்டை எறிந்தவர் தம் சாட்சியையே எறிந்தவராவார்.

ஆகவே எமது குடும்பங்கள் நினைவிற் கொள்ள வேண்டியவை சில. இயந்திரம் நின்றதும் தெரிந்தவரின் கராஜுக்கு இழுத்துச் சென்று திருத்திவிடாதீர்கள். விற்றவருக்குத் திருத்தும் வாய்ப்பைக் கொடாமல் வேறிடத்தில் திருத்தியவர் அச்செலவைக் கோர முடியாதென 2005 பெப்ரவரி 23இல் தீர்ப்பாகியுள்ளது. விற்றவருக்குக் காலக்கெடுவுடன், பதிவுத் தபாலில் எழுதுங்கள். கழற்றிய உதிரிப்பாகங்களை வீசவிடாதீர்கள். விலை குறையுமென்று ஒப்பந்தத்தில் உங்களை வியாபாரி எனக் குறிக்க இணங்காதீர்கள். நுகர்வோர் பாதுகாப்பு அக்கையொப்பத்தோடு கைநழுவிவிடும்.

மொழி தெரியாதே, சட்டத்தரணிக்குப் பணமில்லையே என்று அஞ்ச வேண்டியதில்லை. குறைந்த வருமானமுடையோர் உள்ளூர் நீதிமன்றாகிய அம்ற்ஸ்கெரிக்ற்றில் பெராட்டுங்ஸ்ஹில்ஃப எனும் ஆலோசனை உதவிக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்தால், ஆலோசனைக்குச் சட்டத்தரணி உங்களிடம் கேட்கக்கூடியது 15 யூரோ மட்டுமே.

அந்நிய நாட்டில் வாழ்கின்றோம் என்பதனால் நட்டத்தை வாய்மூடி ஏற்க வேண்டும் என்ற எண்ணம் எம்மிடையே வேரூன்றியிருக்கின்றது. காரை வாங்கியவர் எந்த நாட்டவர் என்று இச்சட்டம் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் ஒப்பந்தம், பற்றுச்சீட்டு, கடிதம் ஆகியவற்றையே. அவற்றை ஒரு கோப்பில் இட்டுப் பத்திரப்படுத்தும் பழக்கத்தை, கார் வாங்கும் அன்றே தொடங்குவோமாக.