சுவிட்ச் இல்லை, போன் இருக்கு: ‘போகிமான் சாம்பியன்ஸ்’ காஞ்சிபுரம் ரசிகருக்கு ஏன் முக்கியம்?

40 வருஷத்துக்கு ஒருமுறை அத்திவரதர் தரிசனம் தரும் ஊர் காஞ்சிபுரம். 1979-க்குப் பிறகு 2019-ல்தான் வெளியே வந்தார். அடுத்து 2059. இப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு, ‘ஒரு வீடியோ கேமுக்காகக் காத்திருக்கிறோம்’ என்று சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்கள்தான். ஆனால் ஸ்கூல் விட்டு வந்து பையைத் தூக்கிப் போட்டுவிட்டு டிவியில் பிகாச்சுவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது வேறு கணக்கு.

2025 பிப்ரவரி 27 அன்று அறிவிக்கப்பட்டது ‘போகிமான் சாம்பியன்ஸ்’. 2026-ல் வருகிறது. நின்டெண்டோ சுவிட்ச் கருவியில் வருகிறது, கூடவே போனிலும் வருகிறது. இதில் இரண்டாவது பாதிதான் நம்ம ஊர் ரசிகருக்கு மொத்த விஷயமும்.

இது என்ன கேம்?

வழக்கமான போகிமான் கேமில் ஊர் ஊராக அலைய வேண்டும். புல்வெளியில் புகுந்து போகிமான்களைப் பிடிக்க வேண்டும், ஜிம் ஜிம்மாகப் போய் ஜெயித்து பேட்ஜ் வாங்க வேண்டும். சாம்பியன்ஸில் அந்தக் கதை எல்லாம் கிடையாது. நேராகச் சண்டை. நீங்கள் ஒரு டீம், எதிரில் இன்னொருவர், அவர் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் சரி. அவர் சுவிட்ச்சில் ஆடலாம், நீங்கள் போனில் ஆடலாம்.

தண்ணீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு புல்லை எரிக்கும், புல் தண்ணீரைக் குடிக்கும். அடிப்படை இவ்வளவுதான். ஆனால் இதன் மேல் 18 வகைகள், நூற்றுக்கணக்கான தாக்குதல்கள், எதிராளி அடுத்து என்ன செய்வார் என்ற யூகம் எல்லாம் சேரும்போது இது கிட்டத்தட்ட செஸ் மாதிரி ஆகிவிடும். 2026-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடக்கும் போகிமான் உலக சாம்பியன்ஷிப்பின் வீடியோ கேம் பிரிவையே இந்தக் கேமில்தான் நடத்துவதாக அறிவித்தார்கள். ஆக, இது டைம்பாஸுக்கு வரும் மொபைல் கேம் இல்லை. உலகப் போட்டி நடக்கும் அதே மைதானம் உங்கள் போனுக்கும் வருகிறது.

அனிமே பார்த்தவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1997-ல் கிளம்பிய ஆஷ், 25 வருஷம் தோற்றுத் தோற்று, 2022 நவம்பரில் ஒளிபரப்பான எபிசோடில்தான் உலக சாம்பியன் ஆனார். அந்த மேட்ச்சைப் பார்த்துவிட்டு ‘நாமளும் ஒருநாள் இப்படி ஆடணும்’ என்று நினைக்காத ரசிகர் இருக்க வாய்ப்பில்லை.

சுவிட்ச் வாங்கினா போதுமே?

போதும், வாங்க முடிந்தால்! சுவிட்ச் 2 வெளியானது 2025 ஜூன் 5. வெளியானபோது அமெரிக்காவில் விலை 449.99 டாலர். அதை அப்படியே ரூபாயாக மாற்றினாலே 40 ஆயிரத்தை ஒட்டி வரும். இந்தியாவில் நின்டெண்டோ நேரடியாக விற்கவில்லை. இங்கே கிடைப்பது எல்லாம் வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்து விற்கப்படும் சரக்கு. கடைக்குக் கடை விலை மாறும், ரிப்பேர் ஆனால் கம்பெனி வாரண்டி கிடையாது. கேமுக்குத் தனிக் காசு. ஒவ்வொன்றும் 60, 70 டாலர். காஞ்சிபுரத்துக் கணக்கில் சொன்னால், ஒரு நல்ல முகூர்த்தப் பட்டு எடுக்கிற காசு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலை இருக்கிறது. அங்கே ஐபோன் தயாராகிறது. உலகத்தில் எங்கேயோ ஒருவர் கையில் வைத்து கேம் ஆடுகிற கருவி இந்த மாவட்டத்தில் இருந்து போகிறது. ஆனால் கேமுக்கென்றே செய்த கருவி இங்கே முறையாக வந்து சேரவில்லை. அதனால்தான் தமிழ்நாட்டில் ‘ஹேண்ட்ஹெல்ட்’ என்றால் பெரும்பாலும் பாக்கெட்டில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன்.

நமக்கு கார்ட்டூன்தான் முதல்ல

ஜப்பானில் கேம்தான் முதலில் வந்தது. கேம் பாய் கருவியில் ‘ரெட்’, ‘கிரீன்’ என்று இரண்டு கேம்கள், 1996 பிப்ரவரி 27 அன்று. அனிமே தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டு ஏப்ரல் 1. இந்தியாவில் வரிசை தலைகீழ். 2003-ல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடர் வந்தது. சிப்ஸ் பாக்கெட்டில் டாஸோ வந்தது. கேம் மட்டும் வரவே இல்லை. டிவியில் பார்த்ததை ஆடிப் பார்க்க நம்மிடம் கருவி இல்லை. திருவிழாக் கடையில் விற்ற ‘9999 இன் 1’ பிரிக் கேமில் பிகாச்சுவைத் தேடியவர்களும் உண்டு.

ஜப்பானிலும் ஒரு கேம் கார்ட்டூனைப் பார்த்துச் செய்யப்பட்டதுதான். 1998-ல் வந்த ‘யெல்லோ’. அதில் பிகாச்சு பந்துக்குள் போக மாட்டேன் என்று அடம்பிடித்து உங்கள் பின்னாலேயே நடந்து வரும். ஜெஸ்ஸியும் ஜேம்ஸும் வந்து வம்பிழுப்பார்கள். டிவி ரசிகர்களுக்காகவே செய்தது. நம்ம ஊரில் எல்லா போகிமான் கேமையும் ரசிகர்கள் ‘யெல்லோ’ மாதிரிதான் பார்த்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கார்ட்டூனுக்குள் நுழைய ஒரு வாசல்.

(அந்தக் காலத்து கேமில் ஒரு போகிமானின் படம் அதிகபட்சம் 56-க்கு 56 கட்டங்கள்தான். ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு சாயல்களில் ஒன்று. கட்டம் போட்ட தாளில் புட்டா வரைந்து, அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை போடும் ஊருக்கு இது புதுசு இல்லை.)

பிறகு கம்ப்யூட்டரிலும் போனிலும் எமுலேட்டர் வந்தது. கேம் கோப்பை எங்கிருந்தோ இறக்கி ஆடுவது. இந்திய ரசிகர்களில் பெரும்பாலானோர் இப்படித்தான் ஆடினார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். காசு கொடுக்காமல் எடுத்த கேம் கோப்பு என்பது பைரசிதான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கலாம் என்றாலும் இங்கே கடை இல்லை என்பதும் உண்மை.

2016: கேம் வந்தது, கரண்ட் வரலை

போகிமான் பெரிய அளவில் இந்தியர்களின் போனுக்கு வந்தது ‘போகிமான் கோ’ மூலம். அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் அது 2016 ஜூலை 6-ல் வெளியானது. உலகமே ரோட்டில் இறங்கி பிகாச்சு பிடித்துக்கொண்டிருக்க, இந்தியா ஐந்து மாதத்துக்கு மேல் வேடிக்கை பார்த்தது. பொறுக்க முடியாதவர்கள் ஏபிகே இறக்கினார்கள்.

கடைசியில் ஜியோவுடன் கைகோத்து டிசம்பர் 14-ல் இந்தியாவில் வெளியிட்டார்கள். ரிலையன்ஸ் டிஜிட்டல் கடைகள் கேமில் போகிஸ்டாப்பாகவோ ஜிம்மாகவோ ஆயின. நம்ம ஊரில் அந்த நாளை யோசித்துப் பாருங்கள். நவம்பர் 8-ல் பணமதிப்பு நீக்கம், ஏடிஎம் வாசலில் வரிசை. டிசம்பர் 5-ல் முதல்வர் ஜெயலலிதா மறைவு. டிசம்பர் 12-ல் வர்தா புயல். சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்தன. பல இடங்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை, டவரும் இல்லை. ஐந்து மாதம் காத்திருந்த கேம் வந்த அன்று போனுக்கு சார்ஜ் போட வழியில்லை. தமிழ்நாட்டு ரசிகனின் ராசி!

கோயில் ஊர் என்பதால் அடித்த லக்

போகிமான் கோ நடந்து ஆடும் கேம். பந்து தீர்ந்தால் போகிஸ்டாப்புக்குப் போய்த்தான் நிரப்ப வேண்டும். இந்த ஸ்டாப்புகளை நியான்டிக் கம்பெனி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குறிக்கவில்லை. அவர்களுடைய முந்தைய கேமான ‘இன்கிரஸ்’ ஆடியவர்கள், தங்கள் ஊரில் பார்க்கத் தகுந்த இடங்களைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். சிலை, பழைய கட்டடம், சுவரோவியம், வழிபாட்டுத் தலம் எல்லாம். அந்தப் பட்டியல்தான் போகிஸ்டாப்புகளுக்கு அடித்தளம்.

இப்போது காஞ்சிபுரத்தை நினைத்துப் பாருங்கள். இந்த விதியில் இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்குமா? எட்டாம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய கைலாசநாதர் கோயில் ஒரு பக்கம், ஏகாம்பரநாதர், வரதராஜர், காமாட்சி அம்மன், வைகுண்டப் பெருமாள் என்று இன்னொரு பக்கம். தெருமுனைப் பிள்ளையார் கோயில் கணக்கே தனி. தறி ஓடும் வீடு தனியார் வீடு, அதை ஸ்டாப்பாகச் சேர்க்க விதியில் இடமில்லை. அதே தெருவின் கோயிலுக்கு இடம் உண்டு. புதிதாக முளைத்த லேஅவுட்டில் குடியிருக்கும் ரசிகருக்கு இந்த வசதி இல்லை. கேம் ஆடவும் கோயில் உள்ள ஊரில்தான் குடியிருக்க வேண்டும் போல.

இதற்கு எதிர்ப்பும் வந்தது. 2016-ல் குஜராத் உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு. சைவ உணவைக் கடைப்பிடிக்கும் கோயில்களில் கேம் முட்டையைக் காட்டுகிறது, மனம் புண்படுகிறது என்று மனு. நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது.

நம்ம ஊரில் பெரிய மாற்றம் வந்தது 2022 டிசம்பர் 2-ல். தமிழகக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்ய வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. சன்னிதியில் போனைத் தூக்கிப் பிடித்து போகிமான் தேடுவது சட்டம் இல்லாவிட்டாலும் அழகில்லை, அது வேறு விஷயம். இதில் ரசிகர்களுக்குக் கைகொடுத்தது ஒரு எண்: 80 மீட்டர். முன்பெல்லாம் ஸ்டாப்பில் இருந்து 40 மீட்டருக்குள் நிற்க வேண்டும். கொரோனா காலத்தில் அதை 80 ஆக்கினார்கள். 2021 ஆகஸ்டில் சில நாடுகளில் திரும்பக் குறைத்தபோது உலகம் முழுக்க ரசிகர்கள் கொதித்து எழ, அதே மாதம் 80-ஐ நிரந்தரமாக்கினார்கள். ஏகாம்பரநாதர் ராஜகோபுரத்தின் உயரம் 59 மீட்டர். அதைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரம் தள்ளி, சன்னிதித் தெருவில் நின்றே வாசல் பக்கத்து ஸ்டாப்பைத் தொட்டுவிடலாம். ரோட்டில் வண்டி வருதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழில் வருமா?

2023-ல் போகிமான் கோ இந்தி பேச ஆரம்பித்தது. 800-க்கும் மேற்பட்ட போகிமான்களின் பெயரை இந்தியில் எழுதினார்கள். தமிழுக்கு அது நடக்கவில்லை. டிவியில் அப்படி இல்லை. 2024-ல் ஹங்காமா சேனலில் வந்த ‘ஹொரைசன்ஸ்’ தொடர் தமிழிலும் ஓடியது. 2025 செப்டம்பர் 12-ல் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேசில்’ தமிழிலும் தியேட்டருக்கு வந்தது. தமிழில் அனிமே பார்க்க ஆள் இருக்கிறது என்று டிவிக்கும் தியேட்டருக்கும் தெரிந்துவிட்டது. கேம் கம்பெனிகளுக்கு இன்னும் தெரியவில்லை. ஒரு தாக்குதலின் விளக்கத்தைப் படித்துப் புரிந்துகொள்வதில்தான் வெற்றி தோல்வி இருக்கும் கேமில் இது சின்னக் குறை இல்லை.

அதுவரைக்கும் என்ன செய்யலாம்?

முதலில், செய்யக் கூடாதது. ‘சாம்பியன்ஸ் ஏபிகே முன்கூட்டியே’ என்று டெலிகிராமில் லிங்க் வந்தால் தொடாதீர்கள். 2016 ஜூலையிலேயே போகிமான் கோ என்ற பெயரில் சுற்றிய ஒரு ஏபிகேவுக்குள் ‘டிராய்ட்ஜாக்’ என்ற உளவு மென்பொருள் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். போனின் முழுக் கட்டுப்பாட்டையும் அது அடுத்தவர் கையில் கொடுத்துவிடும். அப்போது போனில் போட்டோதான் இருந்தது. இப்போது யுபிஐ, பேங்க் ஆப், ஆபீஸ் மெயில் எல்லாம் அதற்குள்தான். பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் தவிர வேறு வழியே வேண்டாம்.

செய்யக்கூடியது, டீமைத் தயார் செய்வது. ‘போகிமான் ஹோம்’ என்று ஒரு ஆப் இருக்கிறது. போகிமான்களைச் சேர்த்துவைக்கும் லாக்கர் மாதிரி. சுவிட்ச் இல்லாமல் போனிலேயே ஓடும், நின்டெண்டோ அக்கவுண்ட் மட்டும் வேண்டும். கோ-வில் பிடித்ததை ஹோமுக்கு அனுப்பலாம். ஹோமில் இருந்து சாம்பியன்ஸுக்குக் கூட்டிப்போகலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். எல்லா வகைக்கும் அனுமதி கிடையாது, தேர்ந்தெடுத்த வகைகளுக்குத்தான். அதாவது வரதராஜர் கோயில் தெருவில் நடந்தபோது பிடித்த ஒன்று உலகப் போட்டி நடக்கும் அதே கேமில் உங்களுக்காக ஆட வழி இருக்கிறது.

இரண்டு விஷயம் கவனிக்க. ஹோமின் இலவசத் திட்டத்தில் 30 போகிமான்களுக்குத்தான் இடம். ஹோமுக்குப் போனது கோ-வுக்குத் திரும்பி வராது. கோ-வில் ஒவ்வொரு போகிமானின் பக்கத்திலும் எந்தத் தேதியில், எந்த ஊரில் பிடித்தது என்று இருக்கும். அனுப்பியதும் அந்தப் பக்கமும் கோ-வில் இருந்து போய்விடும். ‘காஞ்சிபுரம்’ என்று எழுதியிருப்பதை வைத்துக்கொள்ள ஆசை என்றால், அனுப்புவதற்கு முன் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.