பதின்பருவப் பிள்ளைகளின் முதுகெலும்பு வளைவும் அறுவைச் சிகிச்சையும்

கூன் என்றதும் நம்மவர்களுக்குக் கூன்பாண்டியன் நினைவு வரும். சம்பந்தர் பாட, கூன் நிமிர்ந்து அவன் நின்றசீர் நெடுமாறன் ஆனான் என்று பெரியபுராணம் கூறும். (நயினார் குலத்தில் பிறந்த எனக்கு அந்தக் கதையின் மற்றப் பகுதி கசக்கும், அது வேறு பேச்சு.) நான் சொல்ல வந்தது முன்னால் குனியும் கூனைப் பற்றி அல்ல. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, கூடவே முறுக்கிக்கொள்ளும் கோளாறு இது. மருத்துவர்கள் ஸ்கோலியோசிஸ் என்பார்கள்.

மல்லேஸ்வரத்தில் நெடுநாள் ஜவுளி வியாபாரம் செய்பவன் நான். பல வீடுகளில் இதை முதலில் கண்டுபிடிப்பவர் தையற்காரர்தான். என் தங்கையின் பேத்திக்கு 12 வயதில் பாவாடை தைத்தவர், "ஒரு பக்கம் மட்டும் விளிம்பு ஏறி நிக்குது சார்" என்றார். நாங்கள் அவர் தையலைக் குறை சொன்னோம். பிறகு தெரிந்தபோதும், "வெளியே சொல்லாதே, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வரும்" என்று வீட்டுப் பெரியவர்கள் எண்ணெய் தேய்த்துவிட்டே ஒன்றரை வருடத்தைக் கழித்தார்கள். முதல் எக்ஸ்ரே எடுத்தபோது வளைவு 52 டிகிரி.

அந்த எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது. 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் காப் வகுத்த கோண அளவை இது. 10 டிகிரிக்குள் இருந்தால் நோயே இல்லை. வளரும் பிள்ளைக்கு 25 முதல் 40 வரை என்றால் பிரேஸ் என்னும் கவசப்பட்டை போடுவார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், பட்டை போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு அறுவை அளவுக்குப் போகாமல் நின்றது. போடாதவர்களில் 48 சதவீதம். 45, 50-ஐத் தாண்டினால் அறுவைதான் பேச்சு. ஏனென்றால் அத்தகைய வளைவு, வளர்ச்சி நின்ற பிறகும் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி கூடிக்கொண்டே போகும்.

பெண்பிள்ளைகள் பெரியவளாவதற்குச் சற்று முன்புதான் வேகமாக வளர்வார்கள். வளைவும் அப்போதுதான் ஓடும். எலும்புக் காசநோயால் வரும் கூன் வேறு வகை. அதிலும் இதே கதைதான். கோவை கங்கா மருத்துவமனை டாக்டர் எஸ். ராஜசேகரன் பிள்ளைகளைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, நோய் ஆறிய பின்னும் வளரும் பருவத்தில் சிலருக்குக் கூன் கூடுவதை 2001-இல் எழுதினார்.

புத்தகப்பை சுமந்ததாலோ கோணலாகப் படுத்ததாலோ இது வருவதில்லை. பெரும்பாலும் காரணம் தெரியாது. தாய்மார்கள் தங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

இனி அறுவை. நியூயார்க்கில் ரஸ்ஸல் ஹிப்ஸ் 1911-இல் முதுகெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் முறையைத் தொடங்கினார். அப்போதெல்லாம் பிள்ளைகள் மாதக்கணக்கில் மாவுக்கட்டில் கிடக்க வேண்டும். பிறகு ஹூஸ்டனில் பால் ஹாரிங்டன், இளம்பிள்ளைவாதம் வந்த குழந்தைகளுக்காக எஃகுக் கம்பியைப் பொருத்தி, 1962-இல் அதை வெளியிட்டார். இப்போது முதுகைத் திறந்து, எலும்புகளில் இருபுறமும் திருகாணி இறக்கி, இரண்டு கம்பிகளில் பூட்டி நிமிர்த்துகிறார்கள். ஆனால் கம்பி தற்காலிகக் காவல்தான். மேலே தூவிய எலும்புத் துண்டுகள் பல மாதங்களில் ஒட்டி ஒரே எலும்பாவதுதான் வைத்தியம். ஒட்டிய பகுதி பிறகு வளையாது, வளராது. அதுதான் நாம் கொடுக்கும் விலை. எத்தனை எலும்பை ஒட்டப்போகிறீர்கள், இடுப்புக்கு எவ்வளவு கீழே போகிறீர்கள் என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

எல்லோரும் பயப்படுவது நரம்புக்கு. முன்பு அறுவையின் நடுவே பிள்ளையை லேசாக எழுப்பி, "காலை அசை" என்பார்களாம். இப்போது மின்சைகை வழியாக நரம்பை இடைவிடாமல் கண்காணிக்கிறார்கள். நரம்பு பாதிப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. பின்னால் கல்யாணத்துக்கோ பிள்ளைப்பேற்றுக்கோ இது தடையல்ல.

வீட்டிலேயே பார்க்கலாம். பிள்ளையைக் கால்சேர்த்து நிறுத்தி, கைகளைக் கூப்பித் தரையை நோக்கிக் குனியச் சொல்லுங்கள். பின்னால் நின்று பாருங்கள். ஒரு பக்க விலா மேடாகத் தெரிந்தால் எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

எங்கள் பிள்ளை எழுந்து நின்றபோது உயரம் ஒன்றரை அங்குலம் கூடியிருந்தது. பழைய பாவாடைகளுக்கெல்லாம் அதே தையற்காரர்தான் மடிப்புப் பிரித்துக் கொடுத்தார்; கூலி வாங்கவில்லை.