பதக்கமான பழைய செல்போன்கள்

டோக்கியோ நகரில் 2021-ஆம் ஆண்டு நடைபெற்ற ஒலிம்பிக், பாராலிம்பிக் போட்டிகளில் வென்றவர்களின் கழுத்தை அலங்கரித்த ஏறக்குறைய 5,000 பதக்கங்களும், ஜப்பானிய ஜனங்கள் உபயோகித்துக் கழித்த செல்போன்களையும் சிறு மின்கருவிகளையும் உருக்கிப் பிரித்த உலோகத்தால் ஆனவை. 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை நடந்த சேகரிப்பில், நகராட்சிகளின் வாயிலாக 78,985 டன் கருவிகளும், செல்போன் கடைகளின் வாயிலாகச் சுமார் 62 லட்சம் போன்களும் வந்து குவிந்தன. அவற்றிலிருந்து 32 கிலோ தங்கமும், 3,500 கிலோ வெள்ளியும், வெண்கலத்துக்குரிய 2,200 கிலோ உலோகமும் கிடைத்தன.

பதக்கத்தின் பெருமையைக் காட்டிலும், அதன்பொருட்டு உடைக்கப்படாமல் தப்பிய பாறையின் கணக்கே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. துருவேறாத குணம் பற்றி மின் இணைப்பு முனைகளில் பூசப்படும் தங்கம் ஒரு போனில் கிராமின் முப்பதில் ஒரு பங்கு அளவே இருக்கும். ஆயினும் பாட்டரி நீக்கிய பழைய போன்கள் பத்தாயிரம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு டன் எடையானால், அதில் 300 கிராமுக்குக் குறையாத தங்கம் அடங்கியிருக்கிறது. உலகின் தங்கச் சுரங்கங்களிற் பலவும் ஒரு டன் தாதுவுக்கு 5 கிராம்கூடத் தருவதில்லை. ஆகவே அதே 300 கிராமைப் பூமியிலிருந்து பெற விரும்புகிறவர், அறுபது டன்னுக்குக் குறையாத பாறையை வெடிவைத்துப் பிளந்து, மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்து, எஞ்சிய நஞ்சுச் சேற்றைத் தலைமுறைதோறும் காவல் காக்க வேண்டியவராகிறார். தாதுவின் மேலே கிடந்த காட்டையும் மண்ணையும் அகற்றிய சேதம் இக்கணக்கில் சேரவில்லை.

பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் நகரைச் சேர்ந்த ஹோபோகனில் உள்ள உலையில், ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் பழைய போன்களின் மின்சுற்றுப் பலகைகள் உருகும்போது, அவற்றிலுள்ள பிளாஸ்டிக்கே எரிபொருளாகிக் கரியின் செலவைக் குறைக்கிறது. உருகிய செம்பு, தங்கம், வெள்ளி, பல்லேடியம் ஆகியவற்றைத் தன்னுள் கரைத்துக்கொண்டு அடியில் தங்க, எழும் புகை வடிகட்டப்படுகிறது. இதே காரியம் சீனத்தின் குய்யூ என்னும் ஊரில் நெடுங்காலம் திறந்த வெளியிலேயே நடந்தது: பலகைகளைக் கரியடுப்பில் வாட்டி, அமிலத்தில் முக்கித் தங்கத்தைப் பிரித்துவிட்டு, மிச்சத்தை நீர்நிலையில் கொட்டினார்கள், அவ்வூர்க் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. எந்தக் கையில் போய்ச் சேருகிறது என்பதைப் பொறுத்தே பழைய போன் நன்மையாகவோ விஷமாகவோ முடிகிறது. 2022-இல் உலகில் உண்டான 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவில், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு.

எல்லா உலோகங்களும் உலையிலிருந்து மீள்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். போனின் நுண்ணிய மின்தேக்கிகளில் உள்ள டாண்டலம் கசடோடு கலந்து போய்விடுகிறது. அதற்குரிய கோல்டான் தாதுவின் விலை 2000-ஆம் ஆண்டையொட்டி ஏறியபோது, கிழக்குக் காங்கோவின் காஹூஸி-பியேகா காட்டுக்குள் தோண்டுவோர் ஆயிரக்கணக்கில் புகுந்தனர். அவர்களுக்கு உணவாக யானைகளும் கொரில்லாக்களும் வேட்டையாடப்பட்டன. ஆதலால், பாட்டரி தளர்ந்த ஒரே குறைக்காகக் கைவிடப்படும் போனுக்குப் புதிய பாட்டரியிட்டு இன்னும் சில ஆண்டுகள் உழைக்க விடுவதை உலைக்கு அனுப்புவதினும் மேலான காரியமாக நான் கருதுகிறேன். பழுது பார்க்கவே முடியாத நிலையில்தான் அது ஹோபோகன் போன்ற உலைக்குப் போக வேண்டும்.