இசைத்தட்டும் எதுகையும்

நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், 1973ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11ஆம் நாள் ஒரு விருந்து நடந்தது. அங்கு இசைத்தட்டு இயக்கியவர், ஜமைக்காவிற் பிறந்த டிஜே கூல் ஹெர்க் என்பார். பாட்டு ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியிலேதான் ஆடுவோர் மிக்க ஊக்கங் கொள்வதை அவர் கண்டார். ஆதலின் ஒரே தட்டின் இரு படிகளை இரு கருவிகளில் வைத்து, ஒன்றில் அப்பகுதி முடியுங்கால் மற்றொன்றில் அதனைத் தொடங்கி, தாளத்தை வேண்டுமளவு நீட்டினார். அத்தாளத்தின்மேல் வளர்ந்த சந்தப் பேச்சே ராப்.

அது கோலாலம்பூரில் தமிழாயிற்று. யோகி பி எனப்படும் யோகேஸ்வரன் வீரசிங்கம், 1990களில் பொயடிக் அம்மோ என்னும் பன்மொழிக் குழுவில் இருந்தவர். 2006இல் நட்சத்ரா குழுவினருடன் ‘வல்லவன்’ என்ற தமிழ்த் தொகுப்பை வெளியிட்டார். அதிலுள்ள ‘மடை திறந்து’, ‘நிழல்கள்’ (1980) படத்துக்கு இளையராஜா அமைத்த பாட்டை அடியாகக் கொண்டது. பழைய ஒலியை எடுத்துப் புதுத்தாளத்தில் நாட்டும் ஹெர்க்கின் நெறியே இது.

இஃது தமிழன்று எனத் தள்ளுவாரும் உளர். கொச்சையும் ஆங்கிலக் கலப்பும் மிகுதிதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் யாப்பு நோக்கிற் காணின் வேறொன்று புலனாகும். ஆங்கில ராப் பெரிதும் நாடுவது அடியிறுதி ஒலியொப்பை. நம் இலக்கணத்தில் அதன் பெயர் இயைபு. தமிழ்ச்செவி விரும்புவதோ அடிமுதற்கண் எதுகையும் மோனையும். தமிழ் ராப் இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்கவல்லது. பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ எதுகை கற்பிக்கும் ஆசிரியர், மாணவர் அறிந்த ராப் அடியொன்றைக் கரும்பலகையில் எழுதிப் பார்க்கலாம். வெண்பாவுக்கு அங்கிருந்து தொலைவு அதிகமில்லை.

சென்னைப் பாட்டு மலாயா வருவதே நெடுநாள் வழக்கம். ‘பொல்லாதவன்’ (2007), ‘ஆடுகளம்’ (2011) ஆகிய படங்களில் யோகி பியின் குரல் எதிர்த்திசையிற் சென்றது.